காதோரத்து வெள்ளை

மார்ச் 3, செவ்வாய்

அப்பா இன்றும் பாதி வெள்ளையாகத்தான் வீட்டுக்கு வந்தார். நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் வெளிச்சுவருக்கு, பெயின்டுக்கு முன்னால் பூசும் வெள்ளை ப்ரைமர் அடிக்கிறார்கள். சாரத்தில் நின்று ரோலரை மேலே உருட்டும்போது அது முகமெல்லாம் பொடிப்பொடியாகத் தெறிக்கும். வந்ததும் பின்பக்கக் குழாயடியில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். பழைய பனியன் துணியை எண்ணெயில் தொட்டு நான் பிடரி, கழுத்து, காது என்று துடைத்துவிடுவேன். நாள் முழுக்க நான் அதிகம் பேசுவது அப்போதுதான். அதிகம் என்றால் நாலைந்து வாக்கியம்.

"என்ன வாய்ப்பூட்டு, தையல் கடையில இன்னைக்கு என்ன சேதி?" என்றார்.

"முப்பது சட்டைக்குப் பட்டன் காஜா எடுத்தேன்."

"அடேயப்பா, மூச்சு வாங்குதா? இவ்வளவு நீளமாப் பேசிட்டியே."

அம்மா ஜன்னல் வழியாகக் கத்தினாள். "இன்னைக்கும் மத்தியானம் சாரத்துலதான் நின்னீங்களா? என் கிட்னியை மொட்டை வெயில்ல காயப் போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"உன் கிட்னி உள்ளார நிழல்லதான் இருக்கு. வெயில் எனக்கு மட்டும்தான்."

ஆறு வருடத்துக்கு முன்னால் அம்மா தன் கிட்னி ஒன்றை அப்பாவுக்குக் கொடுத்தாள். அதிலிருந்து எந்தச் சண்டையிலும் கடைசி வார்த்தை அவளுடையதுதான்.

வலது காதின் மேல் விளிம்பில் ஒரு வெள்ளைப் பொட்டு மட்டும் வரவில்லை. நாளை பெயின்டைக் கரைக்கும் தின்னர் தொட்டுப் பார்க்க வேண்டும்.

மார்ச் 4, புதன்

தின்னருக்கும் வரவில்லை. "எரியுது, விடு" என்றார். விட்டுவிட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

இன்றைக்கு ஆஸ்பத்திரியில் வெயில் வகுப்பு. உறுப்பு மாற்றிக்கொண்டவர்களுக்கு மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை நடக்கிறது. அப்பா வர வேண்டியது. "வேலை கெட்டுடும், நீ போய்க் கேட்டுட்டு வந்து சொல்லு" என்று என்னை அனுப்பிவிட்டார். கடைசி நாற்காலியில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

நர்ஸுக்கு மைக்கே வேண்டாம். அப்படி ஒரு குரல். "புது உறுப்பை உடம்பு வெளியே தள்ளாம இருக்க மாத்திரை சாப்பிடறீங்க இல்ல? அந்த மாத்திரை உங்க உடம்புல இருக்கற காவல்காரனைத் தூங்க வைக்குது. அவன் தூங்கறப்போ வெயில் தோல்ல என்ன கெடுதல் செய்யுதுன்னு யாரு பாக்கறது? நீங்கதான் பாக்கணும்."

முன்வரிசையில் ஒரு பெரியவர், "நாங்க ஏற்கெனவே கருத்த ஆளுங்க சிஸ்டர், இனிமே கருக்க என்ன இருக்கு?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

"கருப்பும் ஒரு குடைதான் ஐயா. ஆனா அங்கங்க ஓட்டை. வெளுத்த தோலுக்கு வர்றதைவிடக் கம்மியா வரும். வரவே வராதுன்னு யாரு சொன்னது?"

பிறகு சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம். பத்து மணியிலிருந்து நாலு மணி வரை முடிந்தவரை நிழலில் இருக்க வேண்டும். மேகம் போட்டிருந்தாலும் ஏமாறக் கூடாது. வெயில் கிரீமைப் பொட்டு வைப்பதுபோல் தொடக் கூடாது; முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்க வேண்டும், காதையும் உதட்டையும் மறக்கக் கூடாது, வியர்த்தால் மறுபடி போட வேண்டும். முன்னால் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் தொப்பி ஆகாது, சுற்றிலும் விளிம்பு வேண்டும். வெள்ளைச் சுவரும் தண்ணீரும் வெயிலைத் திருப்பி அடிக்கும். ஒரு புண்ணோ செதிலோ ஒரு மாதமாகியும் ஆறாவிட்டால் கிள்ளாமல், சுரண்டாமல் கொண்டுவந்து காட்ட வேண்டும்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சட்டை பற்றிப் பேச்சு வந்தது. என் மடியில் அப்பாவுக்காக நான் தைத்த புது முழுக்கைச் சட்டை இருந்தது. உயர்ந்த காலர், விரல் முட்டி வரை கை, எல்லாம் பார்த்துப் பார்த்துத் தைத்தது. நர்ஸ் பார்த்துவிட்டார். "அந்தக் கடைசில இருக்கற பொண்ணு, அதைக் குடும்மா" என்று வாங்கி, உள்ளே கையை விட்டு ட்யூப் லைட்டுக்கு நேரே தூக்கிக் காட்டினார். ஐந்து விரலும் தெரிந்தன. மோதிரம்கூடத் தெரிந்தது.

"வெளிச்சம் இந்தப் பக்கம் வருதுன்னா வெயிலும் வரும். நெருக்கமா நெய்த துணியா எடுக்கணும். அடர்ந்த கலரா இருந்தா இன்னும் நல்லது."

காற்றோட்டமாக இருக்கட்டும் என்றுதான் மெல்லிசு வெள்ளை எடுத்தேன். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். எத்தனை பேர் திரும்பிப் பார்த்தார்கள்! மூடிக்கொண்டேன்.

தையலில் ஒரு குறை சொல்ல முடியாது. துணியில் கோட்டை விட்டுவிட்டேன்.

மார்ச் 9, திங்கள்

அப்பா கிரீம் பூசிக்கொண்டு வேலைக்குப் போனார். ஏணி மாமா சும்மா விடவில்லையாம். அவர் அப்பாவோடு வேலை செய்பவர். இருபது வருடமாக அப்பாவுக்கு ஏணி பிடிக்கிறார். "என்ன மச்சான், பொண்ணு பாக்கப் போறியா? கன்னமெல்லாம் பளபளங்குது" என்று தெருவே கேட்கக் கத்தினாராம். அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் டியூபை அலமாரி மேல்தட்டில் தூக்கி வைத்துவிட்டார்.

மார்ச் 14, சனி

எழுத்து கோணலாக வருகிறது.

இந்த வாரம் முழுக்க அவர்கள் ஒரு பள்ளிக்கூடத்தின் கம்பிக் கேட்டுக்குப் பச்சை எனாமல் அடித்தார்கள். வெள்ளையைத் தொடவே இல்லை. இன்று துடைக்கும்போது கழுத்தில் பச்சை, நெற்றியில் பச்சை, காது மடலில் பச்சை. எல்லாம் வந்துவிட்டது.

அந்த வெள்ளை மட்டும் அப்படியே இருந்தது.

பெயின்ட் என்றால் இத்தனை நாளில் உதிர்ந்திருக்காதா? விரலால் தொட்டேன். உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. ஓரத்தில் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, அடியில் சிவப்பாக.

இது பெயின்ட் இல்லை. நான் இத்தனை நாள் தோலைத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் — தின்னர் வேறு போட்டு — ஐயோ.

மார்ச் 15, ஞாயிறு

அம்மா சந்தைக்குப் போனதும் கேட்டேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. "அப்பா, அது பெயின்ட் இல்ல."

அவர் திடுக்கிடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "தெரியும்" என்றார்.

"எப்போல இருந்து?"

"மழைக்காலத்துல இருந்தே இருக்கு. வலி கிலி ஒண்ணுமில்ல."

"டாக்டர்கிட்ட…"

"உக்காரு." உட்கார்ந்தேன். "பக்கத்துக் கட்டில்காரரை ஞாபகம் இருக்கா?"

எப்படி மறக்கும்? இரண்டு வருடத்துக்கு முன்னால், நான் எட்டாவது படிக்கும்போது, அம்மா கொடுத்த கிட்னியை அப்பாவின் உடம்பு தள்ளப் பார்த்தது. முகம் வீங்கி, கால் வீங்கி, ஆளே அடையாளம் தெரியவில்லை. அம்மா பிஸ்கட் கம்பெனி வேலையை விட்டால் வீடு நடக்காது. அதனால் வார்டில் நான் இருந்தேன். அப்பா பிழைத்து வீட்டுக்கு வந்தபோது பரீட்சை முடிந்திருந்தது. திரும்பப் போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் எனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுப்பார். அவருக்குத் தோலில் புற்று வந்து மாத்திரையைக் குறைத்தார்கள். கிட்னி போய்விட்டது. மறுபடி டயாலிசிஸ் மெஷின். அப்புறம் அவரும்.

"எனக்கும் அதுதான்னு வை" என்றார் அப்பா. "மாத்திரையைக் குறைப்பாங்க. உங்கம்மா வயித்தைக் கிழிச்சுக் குடுத்தது. ஒரு மருவுக்காக அதை விட்டுடச் சொல்றியா?"

அவர் மடித்து வைத்த செய்தித்தாளை நான் இன்னொரு மடிப்பு மடித்தேன்.

"உங்கம்மாவுக்குத் தெரியக் கூடாது. நீதான் வாய்ப்பூட்டு ஆச்சே." சிரிக்கப் பார்த்தார். அந்தச் சிரிப்பு கண் வரை போகவில்லை.

மார்ச் 19, வியாழன்

அப்பா கிட்னி டாக்டரைப் பார்க்கும் நாள். நானும் போனேன். பஸ்ஸில் போகும்போதே ஒரு வாக்கியம் கட்டி வைத்திருந்தேன். 'டாக்டர், காதைப் பாருங்க.' மூன்றே வார்த்தை. இதற்கு எவ்வளவு மூச்சு வேண்டும்?

அப்பா காதை மறைக்கிற மாதிரி முடியை வளர்த்து வாரியிருந்தார். டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கிரியாட்டினின் நன்றாக இருக்கிறது என்றார். அதுதான் கிட்னி எப்படி வேலை செய்கிறதென்று சொல்லும் எண். ஏறினால் ஆபத்து. ஏறவில்லை.

"வேற ஏதாவது தொந்தரவு?"

"ஒண்ணுமில்ல டாக்டர். ஜம்முனு இருக்கேன்."

டாக்டர் என்னையும் ஒரு தடவை பார்த்தார். இப்போ சொல்லு, இப்போ — நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. காது இரண்டும் சூடாகிவிட்டன. அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வெளியே வந்ததும் அப்பா என் தலையில் கை வைத்தார். நான் அவருக்கு உதவி செய்துவிட்டேனாம்.

அதைத்தான் தாங்க முடியவில்லை.

மார்ச் 20, வெள்ளி

கடையில் டெய்லர் அக்கா திட்டினாள். ஒரே சட்டையில் இரண்டு காஜா கோணல்.

மார்ச் 27, வெள்ளி

தலையணை உறையில் ரத்தம்.

அம்மா துவைக்க எடுத்தபோது பார்த்துவிட்டாள். "என்ன இது?"

"ஷேவ் பண்ணப்போ கீறிடுச்சு" என்றார் அப்பா.

"காதுல யாரு ஷேவ் பண்ணுவா? அங்க என்ன தாடியா முளைக்குது?"

"கை தவறிடுச்சும்மா, விடேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஊசியில் நூல் கோப்பதாக நடித்தேன். ஊசியே கையில் இல்லை.

குழாயடியில் இப்போதெல்லாம் அப்பா வலது காதை என் பக்கம் காட்டுவதில்லை. கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது. ஒரு துவரம் பருப்பு அளவு இருக்கும். அளவெடுத்து அளவெடுத்து எனக்குக் கண் பழகிவிட்டது, தப்பாகாது.

நான் சும்மா இருந்தால் கிட்னி இருக்கும், அப்பா? சொன்னால் அப்பா இருப்பார், கிட்னி? இரண்டையும் பிடித்துக்கொள்ள வழியே இல்லையா? யாரைக் கேட்பது? கேட்பதென்றால் வாயைத் திறக்க வேண்டுமே.

ஏப்ரல் 2, வியாழன்

நாளை வகுப்பு. அப்பா போக வேண்டாம் என்றார். கிரீம் தீர்ந்துவிட்டது, ஆஸ்பத்திரியில் வாங்கி வர வேண்டும் என்று பொய் சொன்னேன். டியூப் மேல்தட்டில் நிறைந்தபடி இருக்கிறது.

ஏப்ரல் 3, வெள்ளி

தூணுக்குப் பின்னால் உட்காரவில்லை. இரண்டாவது வரிசை.

போன மாதம் கேலி பேசிய பெரியவர் குடையோடு வந்திருந்தார். "ஓட்டையை அடைச்சுட்டேன் சிஸ்டர்" என்று தூக்கிக் காட்டினார். நர்ஸ் சிரித்தார். பிறகு சுவரில் படங்களைக் காட்டினார். கையில் ஒன்று, உதட்டில் ஒன்று. மூன்றாவது ஒரு காது. யாருடையதோ. ஆனால் அதே இடம், அதே வெள்ளைச் செதில், அடியில் அதே சிவப்பு.

"யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?"

என் கை தூக்கிக்கொண்டது. நான் தூக்கவில்லை, அதுவாகவே தூக்கிக்கொண்டது. எல்லாத் தலையும் திரும்பியது. வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. வெறும் காற்று. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஓடிவிடலாம் என்றுதான் எழுந்தேன், சத்தியமாக. ஆனால் தூக்கிய கை கீழே வராமல் என் வலது காதைப் பிடித்துக்கொண்டது. மேல் விளிம்பை.

நர்ஸ் சிரிக்கவில்லை. "காதா?"

தலையாட்டினேன்.

"உனக்கா?"

இல்லை என்று ஆட்டினேன்.

அவர் நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வந்து, குனிந்து, தன் காதை என் வாய்ப் பக்கம் கொண்டுவந்தார். அவ்வளவு பெரிய குரல்காரர், மெல்லக் கேட்டார். "யாருக்கும்மா?"

"அப்பாவுக்கு. பெயின்ட்னு நெனச்சோம்."

அப்புறம் எல்லாம் தானாக வந்தது. மழைக்காலம், தின்னர், ரத்தம், பக்கத்துக் கட்டில்காரர். இவ்வளவு நேரம் நான் யாரிடமும் பேசியதில்லை.

"மாத்திரையைக் குறைச்சா கிட்னி போயிடுமா?" என்று கடைசியில் கேட்டேன்.

"எனக்குத் தெரியாது. டாக்டர் பாத்துத்தான் சொல்லணும். ஆனா இதை விட்டு வச்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். பாத்திருக்கேன்."

பொய்யாகவாவது ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஏப்ரல் 4, சனி

நர்ஸ் அப்பாவுக்குப் போன் செய்திருக்கிறார். அப்பா எடுக்கவில்லை. அம்மாவின் நம்பருக்குச் செய்துவிட்டார். கிட்னி கொடுத்தவளாயிற்றே, அவள் நம்பரும் அங்கே இருக்கிறது. வேலையைப் பாதியில் விட்டு, கம்பெனித் தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள்.

"முடியை விலக்குங்க."

அப்பா விலக்கவில்லை. அவளே விலக்கிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் ஒன்றுமே பேசவில்லை. அம்மா பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

"உன் கிட்னியைக் காப்பாத்தத்தான்…" என்று அப்பா ஆரம்பித்தார்.

"வாய மூடுங்க. கிட்னியை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? ஊறுகாயா போடப் போறேன்? எனக்கு ஆளு வேணும்யா!"

அப்பா என் பக்கம் திரும்பினார். "நீயுமா?" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு என்னோடு ஒரு சொல் இல்லை.

சாயங்காலம் குழாயடியில் அவரே துடைத்துக்கொண்டார். பிடரியெல்லாம் அப்படியே விட்டுவிட்டார். நான் துணியைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

தோல் டாக்டர் பார்த்தார். வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டுமாம். வெள்ளிக்கிழமை.

அப்பா இன்னும் பேசவில்லை. பிடரியில் பெயின்ட் படிந்து காய்ந்து கிடக்கிறது.

ஏப்ரல் 10, வெள்ளி

வெட்டிவிட்டார்கள். காதின் மேல் விளிம்பில் பிஸ்கட்டைக் கடித்த மாதிரி ஒரு துண்டு. பெரிய கட்டு. வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் அப்பா திடீரென்று பேசினார். என்னைப் பார்க்காமல், வெளியே பார்த்தபடி.

"மரத்துப்போக ஊசி போட்டாங்க. வலிக்கல. ஆனா கத்தரிக்கோல் சத்தம் கேட்டுச்சு. காதுக்குள்ளயே. உங்க கடையில துணி வெட்டுவீங்களே, அதே மாதிரி."

"நாங்க சாக்பீஸ்ல கோடு போட்டுட்டு வெட்டுவோம்" என்றேன்.

"இவங்களும் பேனாவால போட்டாங்க."

அம்மா நடுவில் உட்கார்ந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஏப்ரல் 17, வெள்ளி

முடிவு வரவில்லை.

ஏப்ரல் 24, வெள்ளி

புற்றுதான்.

ஆரம்பத்தில் இருந்ததாம். ஓரமெல்லாம் சுத்தமாக இருக்கிறதாம். தையலுக்குத் துணி விடுகிற மாதிரி சுற்றிலும் கொஞ்சம் நல்ல தோலையும் சேர்த்துத்தான் வெட்டுவார்களாம். அந்த ஓரத்தில் நோய் இல்லை. இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் பேச்சே வேறு என்றார் டாக்டர்.

அம்மாதான் கேட்டாள். "மாத்திரை?"

"நிறுத்தல. நிறுத்தவும் கூடாது. ஒண்ணை எடுத்துட்டு வேற ஒண்ணு தர்றோம். அடிக்கடி ரத்தம் பாக்கணும். கிட்னி அதை ஏத்துக்குதான்னு பாப்போம்."

பாப்போம். இந்தச் சொல்லை எத்தனை நாள் சுமப்பது?

இனிமேல் அப்பா காலையில் வெயிலுக்கு முன்னால் வெளிச்சுவர், அப்புறம் உள்வேலை மட்டும். ஏணி மாமா வீட்டுக்கு வந்து காதைப் பார்த்தார். போகும்போது, "அந்தக் கிரீம் எங்க விக்குது? நானும் இருபது வருஷமா அதே வெயில்லதான் நிக்கிறேன்" என்று என்னைக் கேட்டார்.

மே 8, வெள்ளி

கிரியாட்டினின் ஏறியிருக்கிறது. கொஞ்சம்தான். கொஞ்சம் என்றால் எவ்வளவு? டாக்டர் அடுத்த வாரம் வரச் சொன்னார்.

அப்பாவின் கால் வீங்குகிறதா என்று தூங்கும்போது போய் அழுத்திப் பார்த்தேன். அம்மாவும் அதற்காகத்தான் வந்து நின்றாள். இரண்டு பேரும் அவரை எழுப்பாமல் திரும்பினோம்.

நான் வாயைத் திறந்ததால் கிட்னி போனால் — இல்லை, எழுத மாட்டேன்.

மே 15, வெள்ளி

அதே எண். ஏறவில்லை, இறங்கவும் இல்லை.

மே 22, வெள்ளி

இறங்கிவிட்டது. பழைய இடத்துக்கே.

"கிட்னி நிக்குது" என்றார் டாக்டர். அம்மா அவர் முன்னாலேயே வயிற்றுத் தழும்பு இருக்கும் பக்கம் கையை வைத்துக்கொண்டாள்.

வரும் வழியில் துணிக்கடைக்குப் போனோம். கடைக்காரர் மெல்லிசு வெள்ளையை எடுத்துப் போட்டு, "வெயிலுக்கு இதுதாண்ணே, உடுத்தினதே தெரியாது" என்றார். நான் சொல்லலாமா என்று தயங்குவதற்குள் அப்பா துணிக்கு அடியில் கையை விட்டு பல்புக்கு நேரே தூக்கினார்.

"கை தெரியுதே. வேற எடுங்க."

கருநீலம் எடுத்தோம்.

ஜூன் 7, ஞாயிறு

மறுபடியும் ப்ரைமர் வேலை. இந்த முறை ஒரு வீட்டின் உட்புறம், கூரை. அப்பா பாதி வெள்ளையாக வந்தார். கருநீலச் சட்டையெல்லாம் வெள்ளைப் புள்ளி. தைத்த எனக்கு வயிறு எரிந்தது.

குழாயடியில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். நெற்றி, கழுத்து, பிடரி என்று துடைத்தேன். வெட்டிய காதைத் தொட்டுப் பார்த்தேன். வழுவழுவென்று ஆறியிருக்கிறது.

"வாய்ப்பூட்டு."

"ம்?"

"இந்தக் காதையும் பாரு." அவராகவே இடது காதைத் திருப்பிக் காட்டினார்.

மேல் விளிம்பில் ஒரு வெள்ளைப் பொட்டு.

துணியில் எண்ணெய் தொட்டேன். அப்பா அசையவில்லை. ஜன்னலில் அம்மாவின் பேச்சும் நின்றுவிட்டது. பொட்டின் மேல் வைத்து மெதுவாக அழுத்தி எடுத்தேன்.

துணியோடு வந்துவிட்டது.